விழுங்கப்பட்ட முதலெழுத்து

ஒரு கருவி எதனைச் செய்யவல்லது என்பதை அதன் விளம்பரம் கூறும். எதனைச் செய்யமாட்டாது என்பதை அதனைப் பயன்படுத்துவோரே கூறுவர். முன்னையது எல்லார்க்கும் ஒன்றாகவே இருக்கும். பின்னையது பயன்படுத்துவோரின் தேவைக்கேற்ப மாறுபடும். பாட்டுக் கேட்பவனுக்குக் குறையாகத் தோன்றாத ஒன்று, பாடம் கேட்பவனுக்குப் பெருங்குறையாகலாம். சட்டைப் பையில் அடங்கும் எம்.பி.3 பிளேயர்களையும், அவற்றைக் காதோடு இணைக்கும் புளூடூத் என்னும் கம்பியில்லாத் தொடர்பையும் பற்றி நான் எழுத முற்படுவது இவ்வேறுபாட்டை முன்னிட்டே. கலைப்பீட மாணவனுக்கு மின்னணுக் கருவிகளைப் பற்றிப் பேச என்ன உரிமையுண்டு எனச் சிலர் வினவக்கூடும். கருவியை ஆக்குவது விஞ்ஞான, பொறியியற் பீடங்களின் பணியாகலாம். ஆக்கப்பட்ட கருவி மனிதருக்கிடையிலான உறவை எவ்வாறு மாற்றுகின்றது என்று கேட்பது நம் பீடத்தின் பணியே.

முதலில் பெயரைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். புளூடூத் என்ற சொல்லை அவ்வாறே தமிழாக்கினால் நீலப்பல் என்றாகும். பத்தாம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட ஹரால்ட் என்னும் மன்னனின் பட்டப்பெயர் இது. டென்மார்க் முழுவதையும் நோர்வேயையும் தான் வென்றதாக இம்மன்னன் யெலிங் என்னுமிடத்திற் பொறித்து வைத்த கல் இன்றும் உள்ளது. சுவீடனின் எரிக்சன் நிறுவனத்தில் 1994 ஆம் ஆண்டளவில் தொடங்கிய குறுந்தூர வானொலித் தொடர்பு ஆய்வினை, 1998 இல் எரிக்சன், நொக்கியா, இன்டெல், ஐ.பி.எம்., தொஷிபா ஆகிய ஐந்து நிறுவனங்கள் கூடிப் பொது நியமமாக்கின. பிரிந்து கிடந்தவற்றை இணைத்த மன்னனின் பெயரைப் பிரிந்து கிடக்கும் கருவிகளை இணைக்கும் முறைக்கு இடலாமென முன்மொழிந்தவர் இன்டெல்லைச் சேர்ந்த ஜிம் கார்டாக். தற்காலிகமாக இட்ட பெயரே நிலைத்துவிட்டது. அதன் சின்னமும் அம்மன்னனின் பெயரது முதலெழுத்துகளுக்குரிய பண்டைய இரு ரூன் எழுத்துகளின் சேர்க்கையே.

இணைப்பவன் என்ற இப்பெயர் எவ்வளவுக்குப் பொருந்துகின்றது என்ற ஐயம் எனக்கு விடுதி வாழ்க்கையிலேயே எழுந்தது. எமது விடுதியில் விழிப்புலன் இழந்த மாணவர் இருவர் என்னோடு ஒரே ஆண்டிற் பயில்கின்றனர். அவர்களுள் ஒருவர் என் அறைத்தோழர். நூலகத்திலுள்ள தமிழ் நூல்களுட் பல பிறெயில் எழுத்தில் இல்லை. கணினி வாசித்துக் காட்டக்கூடிய வடிவிலும் இல்லை. ஆகவே நாங்கள் சிலர் முறைவைத்து நூல்களை வாசித்து ஒலிப்பதிவு செய்து கொடுப்பதுண்டு. அப்பதிவுகளை அவர் ஒரு சிறு பிளேயரில் ஏற்றி வைத்துக் கேட்பார். கேட்டுக் கேட்டு நிறுத்திப் பிறெயிலிற் குறிப்பெடுப்பார்.

கைத்தொலைபேசி இருக்கப் பிளேயர் எதற்கு என்று நானும் ஒருமுறை கேட்டேன். தொலைபேசியின் முகம் கண்ணாடிபோல வழவழப்பானது. அதில் விரலுக்கு அடையாளம் எதுவும் இல்லை. பிளேயரிலோ பொத்தான்கள் புடைத்து நிற்கின்றன. எது நிறுத்துவது, எது பின்செலுத்துவது என்பதைப் பெருவிரல் அறியும். இடையில் அழைப்பு வந்து பாடம் கலையாது. பற்றரியும் நெடுநேரம் நிற்கும். இவ்வாறு அவர் நிரல்படக் கூறிய காரணங்களைக் கேட்டபோது, காலங்கடந்த பொருளென நாம் ஒதுக்கும் ஒன்று பிறிதொருவருக்கு மிகப் பொருத்தமான பொருளாய் இருக்கலாம் என்பது எனக்கு விளங்கிற்று.

கையில் எடுத்துச் செல்லும் ஒலிக்கருவிகளின் வரலாறு நெடியதன்று. சொனி நிறுவனத்தின் வோக்மன் 1979 ஆம் ஆண்டு யூலை மாதம் முதலாந் திகதி யப்பானில் விற்பனைக்கு வந்தது. ஒலிநாடாவில் இயங்கிய அதன் முதல் மாதிரியில் இக்காலத்தவர் அறியாத சிறப்பொன்று இருந்தது. அதில் ஹெட்போன் செருகும் துளைகள் இரண்டு இருந்தன. இருவர் ஒரே நாடாவை ஒருங்கே கேட்கலாம். கேட்டுக்கொண்டிருக்கையில் ஒரு பொத்தானை அழுத்தினால் இசை தாழ்ந்து, சிறு ஒலிவாங்கி வழியாக ஒருவர் பேசுவது மற்றவர்க்குக் கேட்கும். தனித்துக் கேட்பது அருகிலிருப்பவருக்கு மரியாதைக் குறைவாகுமோ என்ற தயக்கம் அந்நிறுவனத்தின் தலைவர்களுள் ஒருவரான அக்கியோ மொரிட்டாவுக்கு இருந்ததன் விளைவே இவ்வமைப்பு. பிந்திய மாதிரிகளில் இரண்டாவது துளை மறைந்துபோயிற்று. மனிதர் தனித்துக் கேட்கவே விரும்பினர் போலும்.

1998 இல் தென்கொரியாவிலிருந்து எம்.பி.3 பிளேயர் வந்தது. 2001 இல் அப்பிள் நிறுவனத்தின் ஐபொட் வந்தது. ஆயிரம் பாடல்களை அது சட்டைப் பைக்குள் அடக்கிற்று. 2016 இல் அதே நிறுவனம் தனது ஐபோன் 7 என்னும் தொலைபேசியில் ஹெட்போன் துளையையே அகற்றிவிட்டது. பிற நிறுவனங்களும் ஒவ்வொன்றாய் அவ்வழி நடந்தன. 2022 இல் ஐபொட் வரிசையின் கடைசி மாதிரியும் நிறுத்தப்பட்டது. இரண்டு துளைகளிற் தொடங்கிய கதை, ஒன்றாகி, ஒன்றுமில்லாததாகி முடிந்தது எனலாம். துளை போன இடத்தை நிரப்ப வந்ததே புளூடூத்.

அறைத்தோழருக்கு வெளிநாட்டிலுள்ள அவரது தமையனார் புதியதொரு பிளேயரையும் வயரில்லாத ஹெட்போன் ஒன்றையும் அனுப்பி வைத்தார். பழைய பிளேயரின் துளை தேய்ந்து, ஒரு காதில் மட்டும் கேட்கும் நிலையிலிருந்த வேளை அது. விடுதியே அதனைக் கையிலெடுத்துப் பார்த்து மகிழ்ந்தது. பாட்டுக் கேட்டபோது குறையெதுவும் தெரியவில்லை. பாடம் கேட்கத் தொடங்கியபோதுதான் ஒன்றன்பின் ஒன்றாகக் குறைகள் வெளிப்பட்டன.

முதலாவது குறை சொற்களின் தலையைப் பற்றியது. வயரிற் செல்லும் ஒலி மின்னோட்டமாகவே காதுவரை செல்கின்றது. புளூடூத்திலோ ஒலி முதலில் எண்களாகச் சுருக்கப்பட்டுப் பொதிபொதியாகக் கட்டப்பட்டு வானலையில் அனுப்பப்படுகின்றது. மறுபுறத்தில் ஹெட்போன் அப்பொதிகளைச் சேர்த்து வைத்து, விரித்து, மீண்டும் ஒலியாக்குகின்றது. இதற்குச் செல்லும் நேரம் சாதாரணமாகச் செக்கனில் பத்திலொரு பங்கு முதல் ஐந்திலொரு பங்கு வரையாகும். அன்றியும், ஒலி நின்றதும் பற்றரியை மீதப்படுத்தும் பொருட்டுப் பல ஹெட்போன்கள் அரைத்துயிலில் ஆழ்ந்துவிடுகின்றன. மீண்டும் ஒலி வரும்போது அவை விழித்தெழுவதற்குள் முதலசை கடந்து போய்விடுகின்றது. பாட்டின் தொடக்கத்தில் ஒரு கணம் குறைந்தால் எவருக்கும் நட்டமில்லை. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நிறுத்தி நிறுத்திக் குறிப்பெடுப்பவருக்கோ ஒவ்வொரு தடவையும் ஒரு முதலெழுத்துப் பறிபோகின்றது.

இலக்கணகாரர் கூறும் முதலெழுத்து வேறு. நான் கூறுவது சொல்லின் தலையில் நிற்கும் எழுத்தை. தமிழ்ச் சொற்களில் எதிர்மறை பெரும்பாலும் இறுதியில் வரும். செய்யாத என்பது போன்றவற்றில் மறுப்பு வேருக்குப் பின்னரே நிற்கின்றது. ஆயின் வடமொழி வழிவந்த சொற்களில் மறுப்புத் தலையிலேயே நிற்கின்றது. நியாயத்தின் முன் ஓர் அகரம் நின்றால் அநியாயம்; அவ்வகரம் விழுந்தால் மீண்டும் நியாயம். எமது பொருளியல், சமூகவியல் நூல்களோ இத்தகைய சொற்களால் நிறைந்தவை. ‘அசமத்துவம் வளர்ந்தது’ என்று நான் வாசித்திருக்க, ‘சமத்துவம் வளர்ந்தது’ என்று அவர் காதில் விழுந்தது. அசாதாரணம் சாதாரணமாயிற்று, அசமநிலை சமநிலையாயிற்று. ஒரு முழு வரலாற்றுக் காலமே ஓர் எழுத்தின் இழப்பால் தலைகீழாகிவிட்டது.

“உதைத் திருப்பிப் போடடா மச்சான், முதலெழுத்தைத் திண்டிட்டுது” என்று அவர் சிரித்துக்கொண்டு கூறியது விடுதியில் ஒரு பழமொழிபோலவே ஆகிவிட்டது. மற்ற அறைகளில் இருந்தவர்கள் சாப்பாட்டு வரிசையில்கூட அதனைச் சொல்லிச் சிரித்தனர். சோதனைக்கு மூன்று கிழமைகளே இருந்த அந்நாட்களில் அவர் உள்ளூரச் சிரித்திருப்பார் என்று நான் நம்பவில்லை. ஐயம் எழுந்த வாக்கியத்தைத் திருப்பிக் கேட்கலாம். ஐயமே எழாத வாக்கியத்தை எவ்வாறு திருப்பிக் கேட்பது? பொருள் மாறியும் இலக்கணம் மாறாது நிற்கும் வாக்கியமே மிகவும் ஆபத்தானது. அதற்குப் பின் நான் பதிவுசெய்த பகுதிகள் யாவற்றையும் “சரி” என்ற பொருளற்ற சொல்லொன்றுடன் தொடங்கினேன். அச்சொல்லைப் பலியாகக் கொடுத்து அடுத்ததைக் காப்பாற்றும் உபாயம் அது. ஆயினும் இடையில் நிறுத்தித் தொடங்கும் இடங்களுக்கெல்லாம் அவ்வுபாயம் உதவவில்லை.

இரண்டாவது குறை அலைகளைப் பற்றியது. புளூடூத் 2.4 கிகா ஹேட்ஸ் மீடிறனை அண்டிய அலைகளிலே பயணம் செய்கின்றது. அனுமதிப்பத்திரமின்றி எவரும் பயன்படுத்தக்கூடிய அலைவரிசை இது. ஆதலால் வை-பை இணைப்புகளும் மைக்ரோவேவ் அடுப்புகளும் அங்கேயே நடமாடுகின்றன. இந்நெரிசலிற் சிக்காதிருக்கப் பழைய முறைப் புளூடூத் 79 சிற்றலைவரிசைகளுக்கிடையே செக்கனுக்கு 1600 தடவை இடம் தாவுகின்றது. இவ்வாறு தாவும் கருத்துக்கு முன்னோடிகள் பலர் உளர். அவர்களுள் இருவர் நடிகை ஹெடி லமாரும் இசையமைப்பாளர் ஜோர்ஜ் அந்தைலும் ஆவர். 1942 இல் அமெரிக்காவில் இவர்கள் பெற்ற காப்புரிமையில், பியானோவின் கட்டைகளைப் போல 88 மீடிறன்களுக்கிடையே தாவும் முறை கூறப்பட்டுள்ளது. கலைத்துறையினர் கருவிகளைப் பற்றிப் பேசலாகாது என்போர் இதனை நினைவிற் கொள்வாராக.

தாவியும் தப்பமுடியாத தடையொன்று உண்டு. அது நமது உடல். உடலின் பெரும்பகுதி நீர், 2.4 கிகா ஹேட்ஸ் அலைகளை நீர் நன்கு உறிஞ்சும். கையடக்கக் கருவிகள் பலவும் 2.5 மில்லிவாற் அளவான வலுவையே வெளியிடுகின்றன. பத்து மீற்றர் என்பதே அவற்றின் சாதாரண எல்லை. பிளேயர் காற்சட்டையின் பின்பையிலும் ஹெட்போனின் வாங்கி மறுபக்கத்திலும் இருந்தால், அரை மீற்றர் தூரத்துக்குள்ளேயே ஒலி அறுந்தறுந்து வரும். அறைக்குள் சுவர்களிற் பட்டுத் தெறிக்கும் அலைகள் உதவிக்கு வருகின்றன. திறந்த மைதானத்தில் அவ்வுதவியும் இல்லை. மாலையில் மைதான ஓரமாக நடந்தவாறே பாடம் கேட்பது நண்பரின் வழக்கம். சுவரில்லாத வெளியே அவருக்குத் தடையாயிற்று.

ஒலியின் தரத்தைப் பற்றியும் நேர்மையாகக் கூறவேண்டும். இசைத்தட்டு ஒன்றில் செக்கனுக்கு 44,100 மாதிரிகள், ஒவ்வொன்றும் 16 பிற்று, இரு காதுகளுக்கும் என்று பெருக்கினால் 1,411 கிலோபிற்று வரும். புளூடூத் ஒலிக்கருவிகள் யாவும் கட்டாயமாக அறிந்திருக்க வேண்டிய எஸ்.பி.சி. என்னும் சுருக்குமுறையில் உயர்தரத்துக்கெனக் குறிக்கப்பட்ட அளவு 328 கிலோபிற்று; அதாவது காற்பங்கிலும் சற்றுக் குறைவு. இதனைவிடக் கூடுதலாக அனுப்பவல்ல வேறு முறைகளும் உள்ளன. சொனி நிறுவனத்தின் எல்டாக் முறை 990 கிலோபிற்று வரை செல்லும். ஆயின் இரு புறமும் அம்முறையை அறிந்திருந்தாலன்றிப் பயனில்லை. இரு மொழி பேசுவோர் இருவர் சந்தித்தால் இருவருக்கும் பொதுவான எளிய மொழியிலேயே பேச்சு நடக்கும். கருவிகளின் நிலையும் அதுவே. எனினும் மனிதக் குரலைக் கேட்பதற்கு 328 கிலோபிற்று தாராளமாகப் போதும். என் வாசிப்பின் தடுமாற்றங்கள் அனைத்தையும் அது பிழையின்றி எடுத்துச் சென்றது.

மூன்றாவது குறையே என்னை மிகவும் வருத்தியது. வயருக்கு அறிமுகம் தேவையில்லை. துளையைத் தொட்டறிந்து செருகினால் அது இணைந்துவிடும். புளூடூத்தில் இரு கருவிகளும் முதலில் ஒன்றையொன்று அறிந்து இணங்க வேண்டும். தொலைபேசியில் இதனைச் செய்யும்போது திரைவாசிப்பான் ஒவ்வொரு சொல்லையும் வாய்விட்டுக் கூறும். மலிவான பிளேயரின் சிறு திரையோ ஊமையானது. பொத்தானை எத்தனை தடவை அழுத்தினால் எந்த இடம் வரும் என எண்ணி மனனம் செய்வது விழிப்புலனற்றோர் கையாளும் வழி. நண்பரும் அவ்வாறு எண்ண முயன்றார். ஆனால் அருகிலுள்ள கருவிகளின் பெயர்ப்பட்டியல் ஒவ்வொரு வேளையும் மாறிற்று. பக்கத்து அறைக்காரர் தமது ஒலிபெருக்கியைத் திறந்தால் அதுவும் பட்டியலில் ஏறும், மூடினால் இறங்கும். மாறும் பட்டியலை எவரும் மனனம் செய்ய இயலாது.

நண்பர் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து படிப்பவர். பழைய பிளேயரோடு அவர் எழுவதும் படிப்பதும் எனக்குத் தெரியாது. விளக்கும் அவருக்குத் தேவையில்லை. அந்த ஒரு மணி நேரம் எவர் தயவுமின்றி அவருக்கே உரியதாயிருந்தது. புதிய பிளேயர் வந்தபின் இணைப்பு அறுந்த நாட்களில் அவர் என்னை எழுப்ப வேண்டியதாயிற்று. எழுப்பப்படுவது எனக்குச் சிரமமன்று. எழுப்புவது அவருக்குச் சிரமமாயிருந்தது. ஒருநாள் காலை நான் விழித்தபோது, அவர் பிளேயரை மடியில் வைத்துக்கொண்டு எதனையும் கேளாமல் உட்கார்ந்திருந்தார். எவ்வளவு நேரமாக என்று கேட்டேன். “நீர் நித்திரைதானே, பிறகு பாப்பம் எண்டு விட்டிட்டன்” என்றார். எப்போதும் “மச்சான்” என்று அழைப்பவர் அன்று “நீர்” என்றது என் காதில் நெடுநேரம் நின்றது. உதவி கேட்க வேண்டியிருப்பவரின் மொழியிலும் ஒரு தூரம் வந்துவிடுகின்றது.

நான்காவது குறை பகிர்வைப் பற்றியது. விழிப்புலன் இழந்த மற்ற மாணவரும் நண்பரும் சோதனைக் காலத்தில் ஒரே பதிவை ஒன்றாகக் கேட்டு, நிறுத்தி, விவாதிப்பார்கள். ஒன்று இரண்டாகப் பிரியும் சிறு வயர் ஒன்று அதற்குப் போதுமாயிருந்தது. புளூடூத்தில் 2003 ஆம் ஆண்டு முதல் வழங்கிவரும் ஒலிபரப்பு முறையோ அடிப்படையில் ஒருவருக்கு ஒருவர் என்ற முறை. ஒரு பிளேயர் ஒரு ஹெட்போனோடு பேசும். இரண்டாமவருக்கு அங்கே இடமில்லை. சில தொலைபேசிகள் தத்தம் வழியில் இருவருக்கு அனுப்புவதுண்டு எனினும், எல்லாக் கருவிகளிலும் அதனை எதிர்பார்க்க முடியாது.

இக்குறைகளைப் பொறியியலாளர் அறியாதவர் அல்லர். 2020 ஆம் ஆண்டு சனவரியில் எல்.ஈ. ஓடியோ என்னும் புதிய முறை அறிவிக்கப்பட்டது. குறைந்த பிற்றுகளில் நல்ல ஒலி, குறைந்த தாமதம், ஒரு கருவியிலிருந்து பலருக்கு ஒலிபரப்பும் வசதி ஆகியன அதன் நோக்கங்கள். செவிப்புலன் உதவிக் கருவிகளை ஆக்குவோரின் தேவையும் இம்முறையின் பிறப்புக்கு ஒரு முக்கிய காரணம் என்பது கருதத்தக்கது. செவிப்புலன் குறைந்தோருக்காக எண்ணப்பட்டது எல்லார்க்கும் நன்மையாகின்றது. சக்கரநாற்காலிக்காக அமைத்த சாய்தளத்தில் முதியவரும் சுமையுடையோரும் ஏறிச் செல்வது போன்றது இது. ஆயினும் இரு புறமும் புதிய கருவிகள் இருந்தாலே இம்முறை பயன்தரும். கையிலிருக்கும் பழைய கருவிகளுக்கு அதனால் விடிவில்லை.

நண்பர் இறுதியிற் செய்தது மிக எளிது. புதிய பிளேயரின் அடிப்பக்கத்தில் 3.5 மில்லிமீற்றர்த் துளையொன்றை அதனை ஆக்கியோர் விட்டு வைத்திருந்தனர். நகரத்துக் கடையொன்றிற் சாதாரண வயர் இயர்போன் ஒன்றை வாங்கி வந்து அதில் செருகினோம். அகரங்கள் அனைத்தும் திரும்பி வந்தன. நான்கு மணியும் அவருக்குத் திரும்பக் கிடைத்தது. பிரியும் வயரும் மீண்டும் வேலைக்கு வந்தது. தமையனார் அனுப்பிய ஹெட்போன் வீணாகிவிடவில்லை. உடுப்புத் துவைக்கும் வேளைகளில் அதனை அணிந்து அவர் பாட்டுக் கேட்கின்றார். ஈரக் கையில் வயர் சிக்காதது பெரிய வசதி என்று அவரே மெச்சுவார். கம்பியில்லாத் தொடர்பின் இடம் எது, கம்பியின் இடம் எது என்பதை எங்களுள் எவரையும்விட அவரே தெளிவாக அறிந்திருந்தார்.

இவற்றையெல்லாம் கூறுவதால் நான் புதுமையை வெறுப்பவன் எனக் கொள்ளலாகாது. வயரும் அறும், துளையும் தேயும், அவர் பழைய பிளேயரே அதற்குச் சான்று. நான் கூற விழைவது வேறொன்று. ஒரு வசதி புதிதாக வரும்போது, பழைய வசதி எவருக்கு எதற்காகப் பயன்பட்டது என்று கேளாமலேயே அதனை அகற்றிவிடும் வழக்கம் பெருகிவருகின்றது. பெரும்பான்மையோரின் பாவனையே எல்லாரதும் பாவனை என்று எண்ணுவதால் விளைவது இது. பத்துச் சதம் பெறுமதியான துளையாக ஒருவருக்குத் தோன்றுவது, மற்றொருவருக்குத் தன்னந்தனியாகப் படிக்கும் சுதந்திரத்தின் வாயிலாக இருக்கின்றது. அளவிற் சிறியவர்களின் தேவை, பெரும்பான்மையின் வசதிக்கு முன் எவ்வளவு எளிதாகக் கண்ணுக்குப் புலப்படாமற் போகின்றது என்பதை இந்நாட்டிற் பயிலும் மாணவருக்கு நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

எமது பல்கலைக்கழகங்களில் மொழி ஆய்வுகூடங்களுக்கும் நூலகங்களுக்கும் புதிய ஒலிக்கருவிகள் வாங்கப்படுகின்றன. வாங்குவதற்கு முன், விழிப்புலன் இழந்த மாணவர் ஒருவரின் கையில் அக்கருவியைக் கொடுத்து, எவர் உதவியுமின்றி அவரால் அதனை இயக்க முடிகின்றதா என்று பார்த்தால் என்ன? அதற்குச் செலவாவது அரைமணி நேரமே. அந்த அரைமணியில், விலைப்பட்டியலிற் காணாத பலவற்றை நாம் அறிந்துகொள்வோம்.